ஆறு வாரம் இலவசம்

ஒடெட்: முதல்ல அந்த டையைக் கழட்டு. அப்புறம் கேள்வி கேளு.

ரெஜிஸ்: இது ஆபீஸ் வழக்கம், ஒடெட். கடன் கேட்டவங்க இடத்துக்குப் போனா...

ஒடெட்: பீத்துணி துவைக்கற இடத்துக்கு டை கட்டிக்கிட்டு வந்த முதல் ஆள் நீதான். மேயரே வந்தப்போ சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுதான் வந்தார்.

ரெஜிஸ்: அவர் பேரனோட மூட்டையை எடுக்க வந்தார். நான் கணக்கு பாக்க வந்திருக்கேன்.

ஒடெட்: அதான் கேக்கறேன். எங்க கணக்கை நீயா பாக்கப் போறே?

ரெஜிஸ்: ஏன்? பாக்கக் கூடாதா?

ஒடெட்: சேச்சே. பாருங்க அதிகாரி, தாராளமா பாருங்க. உக்காருங்க... ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம். ஒரு கால் இல்ல.

ரெஜிஸ்: இன்னுமா? நான் இங்கேர்ந்து போறப்பவே ஒரு கால் இல்லையே.

ஒடெட்: அப்போ இல்லாதது முன்னங்கால். அதைச் சரி பண்ணியாச்சு. இப்போ இல்லாதது பின்னங்கால்.

ரெஜிஸ்: முன்னேற்றம். எழுதிக்கறேன்... சரி, ஆரம்பிப்போம். என்ன தொழில் பண்றீங்க?

ஒடெட்: ரெஜிஸ்!

ரெஜிஸ்: என்ன?

ஒடெட்: இந்தத் தொழிலை நீயும் நானும் சேர்ந்து ஆரம்பிச்சோம். பதினஞ்சு வருஷம் அந்த வேனை ஓட்டினவன் நீ.

ரெஜிஸ்: அது ரெஜிஸுக்குத் தெரியும். கடன் குடுக்கற நிதியத்துக்குத் தெரியாது. முன்னபின்ன தெரியாத ஆள்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு.

ஒடெட்: சரி, முன்னபின்ன தெரியாதவரே. லூயிஸ்டன்ல குழந்தை இருக்கற வீட்டுக்கெல்லாம் துணி நாப்பி குடுக்கறோம். வாராவாரம் வாசல்ல வெக்கற அழுக்கு மூட்டையை எடுத்துட்டு, துவைச்ச மூட்டையை வெக்கறோம். கூட்டுறவு. ஆறு பேர் வேலை பாக்கறோம், ஆறு பேரும் முதலாளி. அதுல ரெண்டு பேரு ஜெயில்லேர்ந்து வந்தவங்க. வேற எங்கயும் அவங்களுக்கு வேலை கிடைக்கலை.

ரெஜிஸ்: நல்லாதானே சொல்றே. கடன் எவ்வளவு?

ஒடெட்: ஒன்றரை லட்சம் டாலர்.

ரெஜிஸ்: எதுக்கு?

ஒடெட்: பெரியவருக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு.

ரெஜிஸ்: பெரியவர்னு சொல்லாதே! முன்னபின்ன தெரியாதவன் பதறிப் போயிடுவான். துவைக்கற மெஷின்னு சொல்லு.

ஒடெட்: துவைக்கற மெஷின். அதோட கொதிகலனும். போன மாசம் மெக்கானிக் வந்து அவர் மேல காதை வெச்சுக் கேட்டுட்டு, தொப்பியைக் கழட்டினான்.

ரெஜிஸ்: எத்தனை நாள் தாங்கும்னான்?

ஒடெட்: கோடை முடியறதுக்குள்ள நின்னுடும்னான். நின்னா நாங்களும் நின்னோம். கடன் கிடைச்சா உண்டு, இல்லேன்னா கதவைச் சாத்திக்க வேண்டியதுதான். போதுமா?

ரெஜிஸ்: ...போதும்.

ஒடெட்: என்ன, மூஞ்சி அப்படிப் போகுது? அதிகாரிக்கு மூஞ்சி போகலாமா?

ரெஜிஸ்: ஒண்ணுமில்ல. அந்த மெஷினை நாம எப்படிக் கொண்டு வந்தோம்னு... மூடின ஓட்டல்லேர்ந்து. ஞாபகம் இருக்கா? உங்க சித்தப்பாவோட உருளைக்கிழங்கு லாரில.

ஒடெட்: வழியெல்லாம் நீ பின்னாடி உக்காந்து அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தே.

ரெஜிஸ்: கயிறு வாங்கக் காசில்ல.

ஒடெட்: கயிறு இருந்துச்சு. நீதான் நம்பலை.

ஹோதன்: ஒடெட், நாலாவது டிரையர் மறுபடியும் முனக ஆரம்பிச்சிருச்சு... ஓ, ஆள் இருக்காங்களா?

ஒடெட்: வா, ஹோதன். இவர்தான் ரெஜிஸ்.

ஹோதன்: அந்த ரெஜிஸா?

ரெஜிஸ்: அந்த ரெஜிஸ்னா?

ஹோதன்: மூட்டையை மாத்திப் போடற ரெஜிஸ். ஒரு கைக்குழந்தை வீட்டுத் துணியை சாமியார் மடத்துல வெச்சுட்டு வந்த ரெஜிஸ்.

ரெஜிஸ்: ஒரே ஒரு தடவை!

ஒடெட்: மடத்துல ஒரு வாரம் பூரா யோசிச்சிருக்காங்க. கடைசில பெரிய சாமியாரே போன் பண்ணி, 'எங்களுக்கு ஏதாவது தெரிய வேண்டியது இருக்கா'ன்னு கேட்டார்.

ஹோதன்: இந்த டை...

ஒடெட்: கேக்காதே. ஆபீஸ் வழக்கமாம். டிரையரை இடுப்புல ஒரு தட்டு தட்டு, சரியாயிடும். நான் அப்புறம் வர்றேன்.

ரெஜிஸ்: நல்ல பொண்ணா இருக்கே.

ஒடெட்: பொண்ணா? நாலு பிள்ளைக்கு அம்மா. நீ போன அடுத்த வருஷம் சேந்தா. நாலாவதுக்கு நாப்பி வாங்க வந்தவ, வேலையும் வாங்கிட்டுப் போனா.

ரெஜிஸ்: சரி, அடுத்து... உன் சம்பளம். வாரத்துக்கு முப்பது மணி நேரம்னு போட்டிருக்கே.

ஒடெட்: ஆமா.

ரெஜிஸ்: நிஜமா எத்தனை?

ஒடெட்: முப்பது.

ரெஜிஸ்: ஒடெட்... காலைல அஞ்சு மணிக்கு இங்க விளக்கு எரியுது. நான் ஆபீஸுக்கு இந்தப் பக்கமாத்தான் போறேன்.

ஒடெட்: உன் ஆபீஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு?

ரெஜிஸ்: ...சுத்துவழி. நடந்தா உடம்புக்கு நல்லது. பேச்சை மாத்தாதே. எத்தனை?

ஒடெட்: அம்பது இருக்கும். அம்பத்தஞ்சு.

ரெஜிஸ்: பாத்தியா? இதை எழுதணும். சம்பளம் வாங்காத உன் இருபத்தஞ்சு மணி நேரத்துலதான் இந்தக் கடை நிக்குது. நாளைக்கே நீ கால் ஒடிஞ்சு படுத்தா, உன் இடத்துல ரெண்டு பேரைச் சம்பளத்துக்கு வெக்கணும். அப்போ லாபம் எங்க?

ஒடெட்: நான் ஏன் படுக்கறேன்?

ரெஜிஸ்: இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. தேன் கடைக்காரன், காய்கறிக் கூட்டுறவு, சைக்கிள் ரிப்பேர் பசங்க... நல்ல காரியம் பண்றவங்க கணக்கு எல்லாத்துலயும் ஒரே வியாதிதான். சோப்புக்குக் கணக்கு இருக்கும், கேஸுக்குக் கணக்கு இருக்கும், அவங்க உழைப்புக்கு மட்டும் இருக்காது.

ஒடெட்: நீ மட்டும் அப்போ எழுதி வெச்சியோ? முதல் மூணு வருஷம் நீயும் நானும் என்ன சம்பளம் வாங்கினோம்?

ரெஜிஸ்: சனிக்கிழமை பீன்ஸும் ரொட்டியும்.

ஒடெட்: அதுவும் எங்க அம்மா அனுப்பினது.

ரெஜிஸ்: அதையும் கணக்குல சேத்திருக்கணும். உங்க அம்மாதான் நம்ம முதல் முதலீட்டாளர்.

ஒடெட்: நீ மூணு தட்டு சாப்பிடுவே. கடைசி வரைக்கும் அம்மா கேட்டுக்கிட்டே இருந்தா, 'அந்தப் பையனை எப்போ கட்டிக்கப் போறே?'ன்னு.

ரெஜிஸ்: ஊர்ல பாதிப் பேர் நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னே நெனச்சாங்க.

ஒடெட்: மீதிப் பேர்?

ரெஜிஸ்: டைவர்ஸ் ஆயிடுச்சுன்னு.

ஒடெட்: ...காபி வேணுமா?

ரெஜிஸ்: இப்போ வேண்டாம். அடுத்தது கஷ்டமான கேள்வி.

ஒடெட்: கேளு.

ரெஜிஸ்: ஆறு வாரம்.

ஒடெட்: கேப்பேன்னு தெரியும்.

ரெஜிஸ்: இந்த ஊர்ல எந்தக் குழந்தை பொறந்தாலும், யார் வீட்டுக் குழந்தையா இருந்தாலும், முதல் ஆறு வாரம் நாப்பி இலவசம். வருஷத்துக்கு நூத்தம்பது குழந்தை. வாரத்துக்கு இருபத்தெட்டு டாலர்னு வெச்சா...

ஒடெட்: இருபத்தஞ்சாயிரத்துச் சொச்சம்.

ரெஜிஸ்: போட்டு வெச்சிருக்கியா?

ஒடெட்: நேத்து ராத்திரி தூக்கம் வரலை. போட்டேன்.

ரெஜிஸ்: கடனுக்கு வருஷத் தவணை எவ்வளவு வரும், தெரியுமா?

ஒடெட்: அதுவும் இருபத்தஞ்சாயிரம்.

ரெஜிஸ்: அப்போ அதிகாரி என்ன சொல்வார்? 'அம்மா, இலவசத்தை நிறுத்துங்க, தவணை தானா வந்துடும்'னு சொல்வார். அஞ்சாம் கிளாஸ் கணக்கு. நீ என்ன சொல்லுவே?

ஒடெட்: முடியாதுன்னு சொல்வேன்.

ரெஜிஸ்: அது பதில் இல்ல.

ஒடெட்: அது எங்க கொள்கைன்னு சொல்வேன்.

ரெஜிஸ்: கொள்கையா! நான் பில் போட மறந்தது கொள்கையா?

ஒடெட்: மெதுவாப் பேசு. ஹோதனுக்கு அந்தக் கதை தெரியாது.

ரெஜிஸ்: இத்தனை வருஷமா சொல்லலையா?

ஒடெட்: எதைச் சொல்றது? தொண்ணூத்தெட்டுல ஐஸ் புயல் வந்தது, ஊர் பூரா கரண்ட் போச்சு, சர்ச் கீழ்த்தளத்துல ஜெனரேட்டர் வெச்சு ஊர்ப் பிள்ளைங்க துணியெல்லாம் துவைச்சோம்... இது வரைக்கும் சொல்லலாம். அப்புறம் கரண்ட் வந்தும் ரெஜிஸ் பில்லு போட மறந்துட்டான், ஆறு வாரம் கழிச்சுதான் ஞாபகம் வந்ததுன்னு சொல்றதா?

ரெஜிஸ்: மறக்கலை. களைப்பு. சர்ச்ல பிங்கோ ஆடற ஹால்ல நாப்பி காயப் போட்டிருந்தோமே... ஃபாதர் அதுக்குக் கீழ நின்னு பிங்கோ நம்பர் படிப்பார். அவர் தலைல சொட்டு சொட்டா விழும். பாட்டிங்க எல்லாம் குடை பிடிச்சுக்கிட்டு பிங்கோ ஆடுவாங்க.

ஒடெட்: அந்தப் பத்திரிகைக்காரப் பொண்ணு வந்து கேட்டா, 'ஏன் யார்கிட்டயும் காசு வாங்கலை?'ன்னு. நான் உன்னைப் பாத்தேன். நீ செவத்தைப் பாத்தே.

ரெஜிஸ்: நீ நிமிர்ந்து நின்னு சொன்னே, 'இந்த ஊர்ல பொறக்கற குழந்தைக்கு ஆறு வாரம் எங்க மரியாதை. அது எங்க கொள்கை'ன்னு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

ஒடெட்: உனக்கு பில்லை நெனச்சு வந்திருக்கும்.

ரெஜிஸ்: ரெண்டுக்கும் சேத்து.

ஒடெட்: அந்தப் பேப்பர்ல வந்ததுக்கப்புறம் எப்படிடா நிறுத்த முடியும்?

ரெஜிஸ்: இப்போ நிறுத்தலாம்ல? அதிகாரியாக் கேக்கறேன்.

ஒடெட்: அதிகாரியா முடியாதுங்கறேன்.

ரெஜிஸ்: மெஷினுக்காக. ஆறு பேர் வேலைக்காக. பெரியவங்களா யோசி, ஒடெட்! ஒரு வார்த்தை சரின்னா போதும். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, கொஞ்சம் மூச்சு வந்ததும், மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்.

ஒடெட்: ரெண்டு வருஷத்துல எத்தனை குழந்தை பொறக்கும்? அந்தப் பிள்ளைங்களைப் பாத்து, 'கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே கண்ணு'ன்னு சொல்றதா? அந்த ஆறு வாரம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? நீ வாசல்ல மூட்டையை வெச்சுட்டு வந்துடுவே. உள்ள போனவ நான். ஒருத்தி தலை சீவி மூணு நாளாயிருக்கும். ஒருத்தி கதவைத் திறந்ததும் என் தோள்ல சாஞ்சு அழுவா. காசு இருக்கறவ, இல்லாதவ, எல்லாரும் ஒண்ணுதான் அப்போ. அந்த நேரத்துல 'இது ஒண்ணாவது நான் பாத்துக்கறேன்'னு ஒருத்தர் வந்து நிக்கணும். அதுக்கு இருபத்தஞ்சாயிரம் ஆகும்னா ஆகட்டும்.

ரெஜிஸ்: ...கத்தாதே.

ஒடெட்: கத்தலை.

ரெஜிஸ்: கத்தறே. ஆனா நல்லாக் கத்தறே. இதே மாதிரி... சரி, அது அப்புறம்.

ஹோதன்: ஒடெட், வாசல்ல ஒருத்தர் வந்திருக்கார். நேத்து பொறந்ததாம். ஆம்பளைப் பிள்ளை. ஆறு வார மூட்டையைக் குடுத்துடவா?

ஒடெட்: கொஞ்சம் இருக்கச் சொல்லு. காபி குடு.

ஹோதன்: காபி எதுக்கு? மூட்டை தயாரா இருக்கே.

ஒடெட்: குடும்மா. நேத்து தூங்கியிருக்க மாட்டார். நான் சொல்றேன்.

ஹோதன்: சரி... உனக்கு உடம்பு ஒண்ணுமில்லையே?

ஒடெட்: ஒண்ணுமில்ல. போ.

ரெஜிஸ்: ஏன் காக்க வெக்கறே?

ஒடெட்: சும்மாதான். நீ கேளு. இன்னும் என்ன இருக்கு?

ரெஜிஸ்: வருஷா வருஷம் புதுசா எத்தனை குடும்பம் சேந்ததுன்னு வேணும்.

ஒடெட்: தலையைத் தூக்கிப் பாரு.

ரெஜிஸ்: ஓ... இன்னும் தொங்க விட்டிருக்கியா?

ஒடெட்: ஏன் எடுக்கணும்? ஆறு வாரம் முடிஞ்சு, காசு குடுத்துத் தொடரற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மரக் கிளிப். பேர் எழுதிக் கொடில மாட்டறது. வருஷத்துக்கு ஒரு கொடி. நீ ஆரம்பிச்சதுதானே?

ரெஜிஸ்: கிளிப்பு மிச்சமாயிடுச்சுன்னு ஆரம்பிச்சேன்.

ஒடெட்: உன் கொள்கை எல்லாமே இப்படித்தான்.

ரெஜிஸ்: இரு, அந்த ஸ்டூலைக் குடு... இது முதல் கொடி. ஆர்மான்ட். இவன்தானே வாரத்துக்கு எம்பது துணி?

ஒடெட்: இப்போ தீயணைப்பு வண்டி ஓட்டறான்.

ரெஜிஸ்: தண்ணியோட பழக்கம் அப்பவே. இது... ரெண்டு கிளிப்பு ஒண்ணா ஒட்டியிருக்கே?

ஒடெட்: கான்ஸ்டன்ஸ் வீட்டு இரட்டை. 'ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம்'னு சட்டம் போட்டே பாரு, அடுத்த மாசமே பொறந்தது. அதுக்கப்புறம் இந்த ஊர்ல இரட்டையாப் பொறந்து தள்ளிச்சு.

ரெஜிஸ்: நான் சட்டம் போட்டதாலயா?

ஒடெட்: சலுகையை யார் விடுவா?

ரெஜிஸ்: ஹா... இது நாம வேனை எடுக்க முடியாம ஒரு வாரம் ஃப்ளூல படுத்த வருஷம். ஊரே வந்து நமக்குத் துவைச்சுக் குடுத்துச்சு. இது... இது என்ன கொடி? ஏன் மொட்டையா இருக்கு?

ஒடெட்: எது?

ரெஜிஸ்: இது. மத்த கொடியெல்லாம் காக்கா உக்காந்த மாதிரி நெருக்கமா இருக்கு. இதுல இங்கொண்ணு அங்கொண்ணு. முப்பது கூட இருக்காது.

ஒடெட்: இறங்கு. ஸ்டூல் ஆடுது.

ரெஜிஸ்: எந்த வருஷம் இது?

ஒடெட்: நீ போன வருஷம்.

ரெஜிஸ்: அந்த வருஷம் என்ன ஆச்சு?

ஒடெட்: என்ன ஆகும்? நீ போயிட்டே. உன்னைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். வேன்ல பாடிக்கிட்டே போவே. பிள்ளைங்களுக்கு உன் ஹார்ன் சத்தம் தெரியும். நீ போனதும் யாரும் புதுசா சேரலை. இருந்தவங்களும் விட்டுட்டுப் போனாங்க. ரெண்டாவது வேனை வித்தேன். என் காரை வித்தேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்... நீ சம்பளம் வர்ற வேலைக்குப் போனே, அதுல தப்பே இல்ல. இங்க ஒருத்தர் சம்பளத்துக்குத்தான் வழி இருந்துச்சு.

ரெஜிஸ்: ஒடெட், நான் பாடினா நாய்கூட உள்ள போயிடும்.

ஒடெட்: நீ போனதாலதான்னு எனக்குத் தோணிச்சு. பன்னெண்டு வருஷமா.

ரெஜிஸ்: அடுத்த கொடி பூரா ரொம்பியிருக்கே. அப்பவும் நான் இல்லையே?

ஒடெட்: ஹோதன் வந்தா. கை ராசின்னு நெனச்சேன்.

ரெஜிஸ்: கை ராசின்னு கணக்குல எழுத முடியாது. யோசிச்சு சொல்லு. அந்த ஒரு வருஷம் வேற என்ன மாறிச்சு? விலை ஏத்தினியா?

ஒடெட்: இல்ல.

ரெஜிஸ்: சோப்பு? வேன் வர்ற நாள்?

ஒடெட்: எதுவும் இல்ல... இரு.

ரெஜிஸ்: என்ன?

ஒடெட்: சொன்னா சிரிப்பே.

ரெஜிஸ்: சிரிக்க மாட்டேன்.

ஒடெட்: ஆறு வாரத்தை நிறுத்தி வெச்சேன். அந்த ஒரு வருஷம்.

ரெஜிஸ்: நீயா?!

ஒடெட்: உன் மேல கோவம். உன்னால வந்ததுதானே அது. நீ இல்ல, உன் மறதிக்கு மட்டும் நான் ஏன் படியளக்கணும்னு... அடுத்த வருஷம் ஹோதன் கைக்குழந்தையோட வந்து நின்னா. பாத்ததும் மனசு கேக்கலை. மறுபடி குடுக்க ஆரம்பிச்சேன்... ஏன் இப்படி முழிக்கறே?

ரெஜிஸ்: வாயை மூடு. ஒரு நிமிஷம். பேச்சு குடுக்காதே.

ஒடெட்: மரியாதை...

ரெஜிஸ்: ஆறு வாரம் குடுத்தா, நூத்தம்பது பேர்ல நூறு பேர் தொடர்றாங்க. குடுக்காத வருஷம் முப்பது. ஒரு குழந்தை ரெண்டு வருஷம் நாப்பி கட்டும். எழுபது குடும்பம் போச்சுன்னா... ரெண்டு லட்சம். ஒடெட்! இருபத்தஞ்சாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ரெண்டு லட்சத்தைத் தொலைச்சிருக்கே!

ஒடெட்: என்ன சொல்றே?

ரெஜிஸ்: அந்த இருபத்தஞ்சாயிரமே பொய்! அது வராத காசு. செலவுன்னு பாத்தா சோப்பு, தண்ணி, கேஸ், வேனுக்குப் பெட்ரோல்... எட்டாயிரம் தாண்டாது. எட்டாயிரத்தை விதைச்சு நூறு குடும்பத்தை அறுவடை பண்றே. அது தர்மம் இல்ல, விளம்பரம்! இந்த ஊர்லயே மலிவான விளம்பரம்! அதை நிறுத்திட்டு மெஷின் வாங்கினா, மெஷின்ல போட துணி இருக்காது. தவணை எங்கேர்ந்து கட்டுவே?

ஒடெட்: அப்போ... நீ போனதால இல்லையா?

ரெஜிஸ்: என்னால யார் சேந்தா, யார் விட்டா? நான் மூட்டையை மாத்திப் போடறவன்!

ஒடெட்: பன்னெண்டு வருஷம், ரெஜிஸ்.

ரெஜிஸ்: எனக்கும்தான்... விட்டுட்டுப் போனதுல எனக்கும்... சரி, விடு. ஹோதன்! ஹோதன், அந்தப் புது அப்பா இன்னும் இருக்காரா?

ஹோதன்: மூணாவது காபி குடிக்கறார்.

ரெஜிஸ்: மூட்டையைக் குடு!

ஹோதன்: ஒடெட் சொல்லணும்.

ரெஜிஸ்: சொல்லு, ஒடெட்.

ஒடெட்: ...குடு, ஹோதன். ரெண்டா குடு.

ஹோதன்: அப்பாடா! இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?

ரெஜிஸ்: இப்போ கேளு. நான் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம, அந்த மொட்டைக் கொடியைக் கையால காட்டி, வியாழக்கிழமை அந்த அம்மா வர்றப்போ சொல்லு. அதோட நீ கத்தினியே, தோள்ல சாஞ்சு அழறது... அதையும். முதல்ல கணக்கு, அப்புறம் அழுகை. வரிசை முக்கியம்.

ஒடெட்: எந்த அம்மா?

ரெஜிஸ்: வரிசையை மறந்துடாதே.

ஒடெட்: வியாழக்கிழமை எந்த அம்மா வர்றாங்க, அதிகாரி?

ரெஜிஸ்: வாய் தவறி...

ஒடெட்: ரெஜிஸ்.

ரெஜிஸ்: சரி. நான் அதிகாரி இல்ல. இந்தக் கணக்குக்கு இல்ல. முன்னாடி எங்களோட கூட்டுத் தொழில் பண்ணினவங்க விண்ணப்பத்தை நாங்க தொடக் கூடாது. ஆபீஸ் கூட்டத்துல உன் பேரைப் படிச்சதுமே எழுந்து வெளியில போயிட்டேன். காபி மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். காபிகூட குடிக்கலை. மாக்சீன்னு ஒருத்தங்க பாக்கறாங்க. நல்லவங்க, ஆனா கல்லு. அந்த ஆறு வார இலவசத்துலதான் கை வெப்பாங்கன்னு தெரியும். நீ கொள்கைன்னு ஆரம்பிப்பே, அவங்க பேனாவை மூடிடுவாங்க. அதான், ஒத்திகை பாக்கலாம்னு... இது தெரிஞ்சா என் வேலைக்கு ஆபத்துதான். டை அதுக்குத்தான். உண்மையா இருக்கற மாதிரி.

ஒடெட்: டையைப் பாத்ததுமே தெரியும்.

ரெஜிஸ்: தெரியுமா? என்ன தெரியும்?

ஒடெட்: நீ வெளியில போனது. காபி மெஷின்கிட்ட நின்னது. மாக்சீன் சொன்னாங்க.

ரெஜிஸ்: மாக்சீனா? அவங்க வியாழக்கிழமைதானே...

ஒடெட்: வியாழக்கிழமை பல் டாக்டர்கிட்ட போகணுமாம். நேத்தே வந்துட்டாங்க.

ரெஜிஸ்: நேத்தா! அப்போ ஏன் என்னை இவ்வளவு நேரம் பேச விட்டே?

ஒடெட்: உன்கிட்ட இவ்வளவு கத்தினேனே, அதுல ஒரு வார்த்தை நேத்து வாயில வரலை, அதான்... 'ஆறு வாரத்தை நிறுத்துங்க, கடன் உண்டு'ன்னாங்க. பெரியவர் உள்ள கிடந்து இருமினார். நான் சரின்னு தலையாட்டிட்டேன், ரெஜிஸ். ஹோதன்கிட்டகூட இன்னும் சொல்லலை... உனக்குத்தான் தொடக் கூடாதுன்னு சட்டம், எனக்கு இல்லையே, மொட்டைக் கொடி கணக்கைச் சொல்லி என் சரியைத் திருப்பி வாங்கிக்கறேன், அவங்க போன் நம்பரைச் சொல்லு.